வான்கோழி நெஞ்சிறைச்சிப் பொதியின் தமிழ்க் குறிப்பு பற்றிய முறைப்பாடு

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
27 டிசெம்பர்

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

நத்தார் சாப்பாட்டுக்காக உங்கள் நிறுவனத்தின் உறையவைத்த வான்கோழி நெஞ்சிறைச்சி வாங்கினேன். 2 கிலோ பொதிகள் இரண்டு. ஒன்று எங்களுக்கு, மற்றது கல்லடியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு. இறைச்சியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. பொதியின் பின்பக்கத்தில் நீங்கள் அச்சடித்திருக்கும் தமிழைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். "இரவு முழுவதும் வெளியே வைத்து இளக விடவும்" என்று தமிழில் இருந்தது. அம்மா பொதியை ஒரு கோப்பையில் வைத்து, மூடி, குசினி மேசையில் வைத்துவிட்டு நள்ளிரவுப் பூசைக்கு வந்தார். விடிய நான் மூடியைத் திறந்தேன். இளஞ்சிவப்புத் தண்ணீர் கோப்பை நிறைந்து மேசையில் வழிந்திருந்தது. மேல் இறைச்சி கொழகொழவென்று, லேசான புளிப்பு வாடையுடன் இருந்தது. விரலால் அழுத்தினால் நடுவில் இன்னும் ஐஸ். "அதுல போட்டிருக்கிறபடிதானே மகள் செஞ்சன்" என்றார் அம்மா. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நாய் தோண்டாதபடி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம்.

அதே பொதியில் ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது? குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து இளக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதுதான் சரி. 2 கிலோ துண்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். 4 பாகை செல்சியசுக்கு மேலே போனால் இறைச்சியில் கிருமி வேகமாகப் பெருகும். மாரி மழையிலும் எங்கள் குசினி அந்தக் குளிருக்கு வராது. பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கேட்டேன், சிங்களத்திலும் சரியாகவே இருக்கிறதாம். தமிழ் வாசிக்கிறவர் மட்டும் கெட்ட இறைச்சி சாப்பிடலாமா?

தங்கச்சி எப்போதும் பிரிட்ஜில் வைத்து இளக்குகிறவள். அதனால் அவளுடைய பொதி தப்பியது. ஆனால் சமைக்கும்போது தமிழ்க் குறிப்பைப் பார்த்தாள். உட்பகுதி "165 பாகை செல்சியஸ்" வரும்வரை வேகவிடச் சொல்கிறது. ஆங்கிலத்தில் இருப்பது 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். இறைச்சியில் ஈரம் இருக்கும்வரை அதன் உட்சூடு 100 பாகையைத் தாண்டாது. பாவம், வெப்பமானியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் அவண் அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறாள். நெஞ்சிறைச்சியில் கொழுப்பு குறைவு, 74இல் இறக்கிக் கால் மணித்தியாலம் ஆறவிட்டு வெட்டினால்தான் சாறு நிற்கும். எங்களுக்குக் கிடைத்தது தென்னந்தும்பு. பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை.

எடுத்துவைப்பது பற்றித் தமிழில் ஒரு வரியும் இல்லை. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரிய வேண்டியதுதானே?

சரி, நான் கேட்பது இவைதான். கடைகளில் இருக்கும் பொதிகளில் திருத்திய தமிழ்க் குறிப்பை உடனே ஒட்டுங்கள். அடுத்த அச்சுக்கு முன் தமிழ் தெரிந்து, சமையலும் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இரண்டு பொதிகளின் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பற்றுச்சீட்டும் பொதியின் இரு பக்கப் படங்களும் இத்துடன் இருக்கின்றன.

பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையிடம் முறையிடுவேன். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பொதியை இன்றே காட்டப் போகிறேன். புதுவருடத்துக்கு வாங்குகிறவர்கள் அதற்குள் வாங்கிவிடுவார்கள், அதுவரை என்னால் பொறுத்திருக்க முடியாது.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்