பதினெட்டாம் பெருக்கும் ஊர்ப் படித்துறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கன்று திருச்சி அம்மா மண்டபத்திலும் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையிலும் கூட்டம் அலைமோதும் படங்கள் தங்கள் நாளிதழில் ஆண்டுதோறும் வெளியாகின்றன. சொந்த ஊரிலேயே ஆறு ஓடியும் அதில் இறங்க வழியில்லாமல் அங்கு வந்து நிற்கும் என்னைப் போன்றவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

காவிரியின் கிளையாறான குடமுருட்டிக் கரையிலுள்ள சிற்றூரில் பிறந்தவள் நான். எங்கள் பக்கத்தில் இந்நாளைப் பதினெட்டாம் பெருக்கு என்றே சொல்வோம். பெண்கள் படித்துறையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்துவைத்து, வாழையிலையில் காப்பரிசி, பேரிக்காய், விளாம்பழம், காதோலை கருகமணி ஆகியவற்றைப் பரப்பிப் படைத்து, கற்பூரம் காட்டி முடித்ததும், மூத்த சுமங்கலிகள் கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். பிள்ளைகளாகிய எங்களுக்குச் சப்பரம் இழுப்பதுதான் திருநாள். மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும் கொண்டு கட்டிய அந்தச் சிறு தேரின் சக்கரங்களில் ஒன்று எப்போதும் கோணிக்கொண்டே ஓடும். பள்ளத்தில் இறங்கிச் சாமி படம் குப்புற விழுந்துவிட்டால், தேர் நிலைக்கு வராது என்று சொல்லி, என் அண்ணன் மறுபடியும் தெருமுனையிலிருந்து இழுக்க வைப்பார். எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் தயிர்ச்சோறும் ஆற்றங்கரைக்குத் தாமாக வந்து சேர்ந்ததாகவே அப்போது நினைத்திருந்தோம்; அதற்காக அம்மா முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் கிளறி வைத்தது, நான் அடுப்படியில் நிற்கும் இப்போதுதான் உறைக்கிறது.

அந்த ஆற்றுநீர் மேட்டூரிலிருந்து வருகிறது என்பதும் வளர்ந்த பிறகே புரிந்தது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டால், ஆடி பதினெட்டுக்கு எங்கள் ஆற்றில் நீர் இருக்கும். 2012, 2016 ஆகிய ஆண்டுகளில் செப்டம்பரிலும், 2017-இல் அக்டோபரிலும்தான் பாசனத்துக்கு அணை திறந்தது. அத்தகைய ஆண்டுகளில் அடிபம்பு மேடையிலேயே இலை போட்டுப் படைத்தோம். தண்ணீர் இல்லாத குறையை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். தண்ணீர் இரு கரை தொட்டு ஓடும்போது எட்டி நின்று பார்ப்பதுதான் மனத்தை அறுக்கிறது.

எங்கள் ஊரில் கரையை உயர்த்தியபோது பழைய கருங்கற்படிகளில் பாதி மண்ணுக்குள் போய்விட்டன. மிஞ்சியவை பெயர்ந்து கிடக்க, இடைவெளியெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டியிருக்கிறது. கடையில் வாங்கிய என் மகளின் சப்பரம் சிமெண்ட் சாலையில் கோணாமல் ஓடுகிறது. ஆனால் தெருக்குழாய்வரை போய்த் திரும்பிவிடுகிறது.

காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் திறப்புக்கு முன்பாகக் கோடையில் ஆறுகளும் வாய்க்கால்களும் தூர்வாரப்படுகின்றன. ஆட்களும் இயந்திரமும் எப்படியும் ஆற்றுக்குள் இருக்கும் அந்நாட்களிலேயே ஊர்ப் படித்துறைகளின் மண்ணையும் புதரையும் அகற்றிப் பெயர்ந்த கற்களைப் பதித்துவிட்டால், தனியாகப் பெருஞ்செலவு ஆகாது என்பது என் எண்ணம். அணை நிரம்பிய 2024-ஐப் போல வெள்ளம் பெருகிவரும் ஆண்டுகளில் குளிக்கத் தடை விதிப்பது நியாயமே. ஆயினும் மேல்படியில் நின்று பூவும் மஞ்சளும் விடுவதற்கேனும் இரும்புக் குழாயால் ஒரு கைப்பிடி வேண்டும். காதோலை கருகமணியைப் பிளாஸ்டிக் உறையோடு ஆற்றில் எறிவதையும் பழந்துணியை விடுவதையும் நிறுத்தும் பொறுப்பு எங்களுடையது; அதை அரசிடம் கேட்கப் போவதில்லை.

அடுத்த கோடைக்கான தூர்வாரும் பணிப் பட்டியல் தயாராகும்போதே, ஆற்றங்கரை ஊராட்சிகளிடமிருந்து படித்துறைகளின் நிலையைக் கேட்டுப் பெற்று அவற்றையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்