அந்த ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இலவச சிகிச்சைக்கான கார்டு. 72,000-ஆக இருந்த வரம்பை 2022-இல் உயர்த்தியபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

என் கணவர் ஹார்டுவேர்ஸ் கடையில் பில் போடுகிறார். மாதம் 10,000. நல்லாயிருந்த காலத்தில் கார்டு எடுக்காதது எங்கள் தப்புதான். போன தீபாவளிக்கு முதலாளி ஆயிரம் ரூபாய் கூட்டினார். வீட்டில் பாயசம் வைத்தேன். ஆடியில் அவருக்கு நெஞ்சுவலி. இரண்டு அடைப்பு, ஸ்டென்ட் வைக்கணும் என்றார்கள். அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம். அங்கேயும் முதலில் கேட்டது கார்டைத்தான்.

வருமானச் சான்றுக்குச் சம்பளச் சீட்டோடு போனேன். 11,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கி 1,32,000 என்றார்கள். அங்கிருந்த ஒருவர் குரலைத் தாழ்த்தி, "சீட்டை ஏம்மா கொண்டு வந்தீங்க? கூலி வேலைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார். இரக்கப்பட்டுச் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வரம்பில் யார் சிக்குகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பணம் வைத்திருப்பவர் இல்லை, சீட்டு வைத்திருப்பவர்.

மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அதற்குக் கடையில் பத்துப் பேர் வேலை பார்க்க வேண்டும். இங்கே ஏழு பேர். இன்னும் மூன்று பேரைச் சேருங்கள் என்று முதலாளியைக் கெஞ்சவா, கூட்டிய ஆயிரத்தைக் குறையுங்கள் என்று கேட்கவா? இரண்டாவதைக் கேட்டேவிட்டேன். சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஐயா, வரம்பை உயர்த்துங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் அதே 1,20,000, மாமியாரோடு ஐந்து பேர் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் அதே 1,20,000. அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. ஏறாமல் நிற்பது உங்கள் கணக்கு ஒன்றுதான். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் யாரும் வாசலில் நின்று சம்பளச் சீட்டைக் கேட்டதில்லை. மன்னிக்கவும், எழுத வந்தது இதுவல்ல.

தயவுசெய்து வரம்பை உயர்த்துங்கள். உடனே முடியாதென்றால், இதயம், சிறுநீரகம் மாதிரி தள்ளிப்போட முடியாத சிகிச்சைகளுக்காவது, மாதம் ஓரிரு ஆயிரத்தில் தவறிப்போனவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சம்பளச் சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
1,32,000 ரூபாய்க் குடும்பத் தலைவி