கூண்டு ஏற்றிய நாள்

அன்புள்ள பாப்பா,

ராமேஸ்வரத்திலிருந்து நீ அனுப்பிய குரல் செய்தியில் பாதி காற்றின் சத்தம்தான். ஆனாலும் புயல் எச்சரிக்கையால் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கிடைக்காமல் கட்டிக் கிடந்ததும், தனுஷ்கோடிப் பாதையை போலீஸ் அடைத்துவிட்டதும், டீக்கடையில் ஒரு மீனவப் பெரியவரோடு வெகுநேரம் பேசியிருந்ததும் புரிந்தது. கடைசியில் "ஒரு நாள் வீணாப் போச்சும்மா" என்றாயே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

வீணாகவில்லை கண்ணு. வெயில் அடித்திருந்தால் அந்தப் பெரியவர் கடலில் இருந்திருப்பார். நீயும் தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பாய்.

நீ சிங்கப்பூரில், பிடோக்கில் வளர்ந்த பிள்ளை. நமக்குப் பழக்கமானது சுமத்ராக் காற்று. விடியலுக்கு முன் ஜன்னலை அறையும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மூங்கில் கழியில் காயும் துணியை உள்ளே இழுத்துப் போட்டால் போதும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், பூமி சுழல்வதால் காற்றைச் சுற்றவைக்கும் விசை மிகக் குறைவு; அதனால் பெரும்புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பர் 27இல் வாமெய் புயல் பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் கரையேறியது அப்படி ஓர் அபூர்வம்தான்.

வங்காள விரிகுடா வேறு. அங்கே தாழ்வுநிலை நாள்கணக்கில் நின்று போக்குக் காட்டும். அதனால் பாம்பன் துறைமுகத்தில் என்ன எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தினமும் கேட்டுக்கொள். 1 என்றால் ஆபத்து தொலைவில் இருக்கிறது. 3 என்றால் துறைமுகத்திலேயே திடீர்க் காற்றும் மழையும் வரலாம். 8, 9, 10 பேராபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 3 என்றதும் நீ ஊருக்குள்ளேயே இருந்தாய் பார், அதில் எனக்கு ரொம்ப நிம்மதி.

அந்த ஊர்க்காரர்கள் கூண்டை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட ஊர் தனுஷ்கோடி. ரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் எல்லாம் ஒரே இரவில் போயின. மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசே அறிவித்தது. நீ பேசிய பெரியவர் அப்போது சிறு பையனாக இருந்திருக்கலாம், அல்லது அவருடைய அப்பா அம்மா அந்த இரவைப் பார்த்திருக்கலாம். இன்னொரு தரம் போய் உட்கார்ந்து கேள். அவசரப்படுத்தாதே, அவர் சொல்கிறபடி சொல்லட்டும். இரவே எழுதி வைத்துவிடு, மறுநாள் பாதி மறந்துபோகும்.

மதுரைக்குத் திரும்பும் டிக்கெட்டை நினைத்துக் கவலை வேண்டாம். பலத்த காற்றடித்தால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அது நல்லதுதான். அறை வாடகைக்குப் பணம் அனுப்புகிறேன், இரண்டு நாள் கூடத் தங்கு.

கூண்டை இறக்கினதும் தனுஷ்கோடிக்குக் காலையிலேயே கிளம்பு. இருட்டிய பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள். முனையில் நீரோட்டம் பொல்லாதது, எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் தண்ணீரில் இறங்காதே. போகும்போதும் திரும்பும்போதும் ஒரு வரி அனுப்பு, சரியா?

அன்புடன்,
அம்மா