மருந்துச் செய்தியின் தலைப்பில் விடுபடும் விவரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புழக்கத்தில் உள்ள பழைய மருந்துகளில் எவை கொடிய வைரசுகளுக்கு எதிராகப் பயன்படக்கூடும் என்று கணினியைக் கொண்டு தேடும் முறை பற்றித் தங்கள் இதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரை நிதானமாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால், 'மருந்தைக் கண்டுபிடித்தது கணினி' என்று அதற்கு இட்டிருந்த தலைப்பு, முப்பது ஆண்டுகளாக மருந்துக் கடையில் நிற்கும் எனக்கு உறுத்தலாக இருந்தது.

2020 மார்ச் கடைசியில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு கிளம்பிய இரண்டே நாளில் எங்கள் கடையில் இருந்த அட்டைகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. வாங்கியவர்களில் பெரும்பாலோர், 'எதற்கும் வீட்டில் இருக்கட்டும்' என்று வாங்கிப்போன, நோயே இல்லாதவர்கள். நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காக ஆண்டுக்கணக்கில் அதே மாத்திரையைச் சாப்பிட்டு வரும் பெண்மணி ஒருவர் வழக்கம்போல் மருத்துவரின் சீட்டை நீட்டியபோது, கொடுக்க எங்களிடம் ஓர் அட்டைகூட இல்லை. மார்ச் 26 அன்று மத்திய அரசு அம்மருந்தை எச்1 அட்டவணையின் விதிகளுக்குள் கொண்டுவந்தது. நோயாளியின் பெயரையும் சீட்டெழுதிய மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதிய பிறகே கொடுக்க வேண்டும் என்றானது. பதிவேட்டில் கோடு போட்டுத் தயாராக வைத்தேன். எழுதுவதற்கு மாத்திரைதான் இல்லை.

அந்த மருந்து கணினி சொன்னதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகத்தில், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த செல்களில் அது வைரசை அடக்கியதே அதன் மீது நம்பிக்கை எழக் காரணம். பிரிட்டனின் 'ரெக்கவரி' பரிசோதனையில் மருத்துவமனை நோயாளிகள் 1,561 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது 28 நாளில் 27 விழுக்காட்டினர் இறந்தனர். கொடுக்கப்படாதவர்களில் இறந்தவர்கள் 25 விழுக்காடு. ஆய்வகத் தட்டில் வென்ற மருந்தின் கதியே இது என்றால், அந்தத் தட்டுக்கும் ஒரு படி முன்னால் நிற்கும் கணினிப் பட்டியலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று யோசிக்க வேண்டும்.

கணினி செய்வது இதுதான்: வைரசின் புரதத்தில் உள்ள குழிவுகளின் வடிவத்தை வைத்துக்கொண்டு, எந்த மருந்தின் மூலக்கூறு அதில் பொருந்தி உட்காரும் என்று ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், அன்று உலகிலேயே வேகமான கணினியாக இருந்த 'சம்மிட்', 8,000-க்கும் மேற்பட்ட சேர்மங்களை கொரோனா வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் முள்புரதத்தோடு பொருத்திப் பார்த்து 77-ஐப் பொறுக்கியெடுத்தது. இனி ஆய்வகத்தில் எவற்றைச் சோதிக்கலாம் என்பதற்கான பட்டியலாகவே ஆய்வாளர்கள் அதை வெளியிட்டனர். மூலக்கூறு குழிவில் பொருந்துவதாலேயே மாத்திரையாக விழுங்கும்போது அது நுரையீரலுக்குத் தேவையான அளவில் போய்ச் சேரும் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டுண்ணிகளுக்கான ஐவர்மெக்டின் மருந்து இடறியதும் இந்த இடத்தில்தான். ஆய்வகத்தில் வைரசை அடக்கிய செறிவை, வழக்கமான அளவில் சாப்பிடும் மாத்திரையால் மனித ரத்தத்தில் எட்டவே முடியாது.

இவ்வளவும் சொல்வதால் நான் இம்முறையையே எதிர்ப்பவன் என்று எண்ணிவிட வேண்டாம். முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் பேரிசிட்டினிப் மாத்திரையின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. லண்டனின் பெனவலன்ட் ஏஐ நிறுவனத்தினர் மருத்துவ ஆய்விதழ்களில் குவிந்துள்ள தகவல்களைக் கணினியால் அலசி, வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஏஏகே1 என்னும் புரதத்தை இம்மருந்து தடுக்கக்கூடும் என்று 2020 பிப்ரவரியிலேயே 'லான்செட்' இதழில் எழுதினர். அன்றாடம் கொடுக்கும் அளவிலேயே அதற்குத் தேவையான செறிவு ரத்தத்தில் கிடைக்குமா என்பதையும் அவர்கள் கணக்கில் கொண்டிருந்தனர். ஆனாலும் அத்தோடு யாரும் அதை மருந்தென்று அறிவித்துவிடவில்லை. பல பரிசோதனைகள் நடந்தன. 'ரெக்கவரி'யில் மட்டும் 8,156 நோயாளிகள் பங்கேற்றனர். இம்மருந்து பெற்றவர்களில் 12.4 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 13.6 விழுக்காட்டினரும் இறந்தனர். சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், நூறு நோயாளிகளில் ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக உயிர் பிழைத்திருக்கிறார் என்பது சின்ன விஷயமல்ல. தீவிர நோயாளிகளுக்கு இதைக் கொடுக்குமாறு 2022 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வைரசைத் தடுக்கும் என்று கணினி சுட்டிய மருந்தின் பலன், பெரும்பாலும் உடலின் மிதமிஞ்சிய அழற்சியைத் தணிப்பதால் வருவதாகவே கருதப்படுகிறது. கணினி சரியான மருந்தைக் காட்டியது; காரணத்தைப் பாதிதான் சரியாகச் சொன்னது.

எபோலாவுக்கு எதிராகக் கணினி சுட்டிய மலேரியா மருந்தான பைரோனாரிடின், எலிகளிடம் பலன் தந்திருக்கிறது. நிபாவுக்கும் இத்தகைய தேடல்கள் நடக்கின்றன. இவையெல்லாம் செய்தியாக வர வேண்டியவைதான். எனவே என் வேண்டுகோள் ஒன்றே: கணினிக் கணிப்பு, ஆய்வகச் செல், விலங்கு, மனிதர் என்ற நான்கில் எந்த நிலையில் அந்த மருந்து இருக்கிறது என்பதைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் அல்லாமல் தலைப்பிலேயே அச்சிடுங்கள். எங்கள் கடைக்கு வருபவர்கள் யாரும் கட்டுரையைக் கொண்டு வருவதில்லை. செல்பேசியில் தலைப்பைக் காட்டித்தான் மாத்திரை கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.