பாபநாசம் படித்துறைக்கும் கொஞ்சம் கெடுபிடி வேணும்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

உலகத்துல அழிஞ்சிக்கிட்டு இருக்க இயற்கை அதிசயங்கள்னு ரெண்டு பக்கத்துக்கு போட்டிருந்தீங்க, போட்டோ எல்லாம் பிரமாதம், ஆனா படிச்சு முடிச்சா எல்லாம் கைமீறிப் போயிட்டு இனிமே என்னத்தச் செய்யங்கிற மாதிரி ஆயிருது, அதுதான் எனக்கு ஒப்பல. சிலது நெசமாவே கைமீறித்தான் கெடக்கு. ஆஸ்திரேலியாவுல கிரேட் பேரியர் ரீஃப்னு கடலுக்குள்ள இருக்க பவளத்திட்டு 2300 கிலோமீட்டர் நீளம், கடல்தண்ணி சூடானா பவளத்துக்குள்ள இருக்க பாசி வெளிய போயிருது, அந்தப் பாசிதான் அதுக்கு சாப்பாடும் நெறமும், அது போனா வெள்ளையா வெளுத்துரும், சூடு எறங்கலன்னா சாவுதான். 1998ல மொதல்ல பெருசா வெளுத்துச்சு, அப்புறம் 2002ல, பொறவு 2016, 2017, 2020, 2022, 2024ன்னு மூச்சு விட நேரம் இல்லாம வருது. இதுக்கு உலகமே சேந்து பொகைய கொறைக்கணும், நம்ம பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு ஆகாது.

ஆனா எல்லாம் அப்படி இல்லல்லா? தாய்லாந்துல மாயா பேன்னு ஒரு சின்ன கடற்கரை, தெனம் ஆயிரக்கணக்குல ஜனம், போட் நங்கூரம் போட்டுப் போட்டே பவளம் பூரா நொறுங்கிட்டு. 2018ல அந்தக் கடற்கரையவே இழுத்து மூடிட்டாங்க. எவ்வளவு வருமானம் போயிருக்கும், யோசிச்சுப் பாருங்க. பவளத்த திரும்ப நட்டாங்க, சின்ன சுறா எல்லாம் தானா திரும்பி வந்துச்சு, 2022ல தெறந்தப்போ இத்தன பேருதான்னு கணக்கு, போட் உள்ள வரவே கூடாது. பெலிஸ் நாட்டுலயும் அப்படித்தான், கடல்ல எண்ணெய் தோண்டக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, 2018ல யுனெஸ்கோ அவங்க பவளத்திட்ட, ஆபத்துல இருக்க உலகப் பாரம்பரிய இடங்கள் பட்டியல்ல இருந்து எடுத்துட்டு.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம பழைய திருநெல்வேலி ஜில்லா கடலையே எடுத்துக்கிடுங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்த வெட்டி வெட்டி எடுத்து ரெண்டு தீவு கடலுக்குள்ளயே போயிட்டு. 2001ல பவளத்த வனவிலங்கு சட்டத்துல சேத்து கெடுபிடி பண்ணின பொறவுதான் வெட்டு ஓஞ்சுது. ரெண்டு தீவு போன பொறவு!

இப்ப நம்ம தாமிரபரணிக்கு வாரேன். பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருது, முழுக்க நம்ம மண்ணுலயே ஓடுத ஆறு, காவேரி மாதிரி அடுத்த ஸ்டேட்காரன குத்தம் சொல்லவும் வழி இல்ல. பாபநாசம் படித்துறையில பரிகாரம்னு குளிச்சிட்டு உடுத்த துணிய அப்படியே ஆத்துல விட்டுட்டுப் போறாங்க. அந்தக் காலத்துல பருத்தி வேட்டி, கெடந்தாலும் மக்கிப் போகும். இப்ப பாலியஸ்டர் சேலை, நைலான், பாறை இடுக்குல சுத்திக்கிட்டு வருசக்கணக்கா கெடக்கும், முங்கிக் குளிக்கவங்க கால்ல மாட்டும், நீர்நாய் திரியுத தண்ணி அது, கீழ எத்தன ஊருக்கு கூட்டுக் குடிநீரும் அதுலதான் போகுது. துணிய விட்டாத்தான் தோஷம் போகும்னு எந்தச் சாமி சொல்லிச்சோ எனக்குத் தெரியல, சொல்லி அனுப்புத ஜோசியர்மாரும் ஒரு நாள் வந்து அள்ளிப் பாக்கட்டும்.

இதுக்கு முன்மாதிரி தேடி தாய்லாந்து போக வேண்டாம், மேல காரையார்லயே இருக்கு. சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு எவ்வளவு கூட்டம், புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்க கோயில், செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாத்து எடுக்காங்க, குடில் போட்டு தங்குததுக்கும் இத்தன நாளுதான்னு கட்டுப்பாடு. ஜனம் முணுமுணுக்கத்தான் செய்யுது, ஆனா திருவிழா நின்னா போச்சு? கீழ படித்துறைக்கு வந்தா மட்டும் கேக்க நாதி இல்ல. மனு கொடுத்தா வருசத்துக்கு ஒருக்க துணிய அள்ளி லாரியில ஏத்தி போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க, மறு வாரம் பழையபடி.

அள்ளுததுக்கு ஆள் விடுததுக்குப் பதிலா விடாம தடுக்க ஆள் நிறுத்துங்க. படியிலயே பெரிய கூண்டு வச்சு துணிய அதுல போடச் சொல்லணும், மீறினா அபராதம். ஆத்துல விடுததுக்குன்னே துணி விக்க கடை இருந்தா மொதல்ல அத நிறுத்தணும். இத அமாவாசைக்கு மொத நாள் யோசிச்சா நடக்காது, இப்பமே ஏற்பாடு பண்ணணும். நீங்களும் ஒரு நிருபர அமாவாசைக்கு மறுநாள் காலைல அங்க அனுப்பி, கெடக்கத கெடக்கபடி போட்டோ எடுத்து மொதப் பக்கத்துல போடுங்க அண்ணாச்சி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விக்கிரமசிங்கபுரம்.