கிரானைட்டை அறுப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்காக நாளிதழ்களில் வரும் பக்கங்களில் அலமாரி நிறம், டைல்ஸ், சிம்னி எல்லாம் விரிவாக எழுதப்படுகின்றன. அடுப்பு மட்டும் படத்தோடு நின்றுவிடுகிறது. மேடையில் புதைத்துப் பொருத்தும் ஹாப் இப்போது சிற்றூர்களின் புது வீடுகளுக்கும் வந்துவிட்டது. வாங்கிய சில மாதங்களில், "இதில் சமைக்க வசதியில்லை, பழைய ஸ்டவ்வையே வைத்துக் கொடுங்கள்" என்று கேட்கும் வீடுகளும் உண்டு. அதற்குள் கிரானைட்டில் இரண்டடி அகலத்துக்கு ஓட்டை விழுந்திருக்கும். அடுப்பு பொருத்துவதையும் பழுதுபார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவர்கள் என்ற முறையில், கல்லை அறுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியவை உங்கள் வீட்டுப் பாத்திரங்கள். நம் வீடுகளில் காலை வேளையில் தோசைக்கல்லும் குக்கரும் ஒரே நேரத்தில் அடுப்பில் இருக்கும். 12 அங்குலத் தோசைக்கல்லின் குறுக்களவு 30 செ.மீ. பக்கத்தில் 24 செ.மீ. குக்கர் நிற்க வேண்டுமென்றால் இரண்டு பர்னர்களின் மையத்துக்கு மையம் குறைந்தது 27 செ.மீ. வேண்டும். கைப்பிடிக்கும் ஓரத்தில் எழும் தீக்கும் இடம் விட்டால் 30, 32 செ.மீ. இருப்பதே நல்லது. 60 செ.மீ. அகலத்தில் நான்கு பர்னர்களை அடக்கிய ஹாப்பில் இந்த இடைவெளி கிடைப்பது அரிது. முன்பர்னருக்கும் பின்பர்னருக்கும் நடுவே தூரம் இன்னும் குறைவு. பின்னால் பெரிய பானையை வைத்தால் ஒரு பக்கம் சுவர் இடிக்கும், மறுபக்கம் முன்னால் இருக்கும் பாத்திரம் இடிக்கும். நான்குக்குப் பணம் கொடுத்து இரண்டை எரிக்கும் நிலைதான் மிஞ்சும். பெரிய பாத்திரம் புழங்கும் குடும்பத்துக்கு 75 முதல் 80 செ.மீ. அகலத்தில், தள்ளித் தள்ளி அமைந்த மூன்று பர்னர் எவ்வளவோ மேல். கடைக்குப் போகும்போது தோசைக்கல், பெரிய குக்கர், இட்லிப் பானை இவற்றின் அளவுக்குப் பழைய செய்தித்தாளை வட்டமாக வெட்டி எடுத்துச் செல்லுங்கள். பர்னர்கள் மேல் விரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது பர்னரின் சக்தி. சிறியது 1 கிலோவாட், நடுத்தரம் ஒன்றே முக்கால், பெரியது 3 முதல் 4 கிலோவாட் என்று குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள். 4 கிலோவாட் பர்னரை முழுதாக எரித்தால் மணிக்குச் சுமார் 290 கிராம் கேஸ் போகும். அதன் மேல் 18 செ.மீ. பாத்திரத்தை வைத்தால் தீ ஓரம் வழியாக மேலேறிக் கைப்பிடியைக் கருக்கும். கேஸ்தான் வீண், சமையல் வேகம் கூடாது. எனவே பெரியது ஒன்று இருந்தால் போதும், மற்றவை நடுத்தரமாகவும் சிறியதாகவும் இருக்கட்டும். சிறிய பர்னரின் நாபை முழுத் தீயிலிருந்து சட்டென்று சிம்முக்குத் திருப்பிப் பாருங்கள். ஜுவாலை அணையாமல் நின்றால்தான் பால் காய்ச்சவும் பருப்பு கடையவும் அது உதவும். வீட்டு உபயோக எல்.பி.ஜி. அடுப்புக்கான ஐ.எஸ். 4246 தரம் குறைந்தது 68 சதவீத வெப்பத்திறனை (கேஸின் வெப்பத்தில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் பங்கை) கேட்கிறது. அந்த எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று ஹாப்பையும் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

மேடை உயரத்தைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. மேடை மேல் வைக்கும் ஸ்டவ் தானாகவே நான்கைந்து அங்குல உயரம் சேர்க்கும். அதற்குத் தகுந்தாற்போல் 30 அங்குலத்தில் கட்டிய மேடையில் ஹாப் பதித்தால், பாத்திரம் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நின்று கிளறுபவருக்கு இடுப்பு வலி நிச்சயம். ஹாப் என்று முடிவு செய்தால் மேடையை 33, 34 அங்குலத்துக்கு உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். ஸ்டவ் என்றால் 30 சரி. இந்த முடிவை அடுப்பு வாங்கும் நாளில் எடுக்க முடியாது, கொத்தனார் மேடைக்குச் செங்கல் வைக்கும் நாளிலேயே எடுக்க வேண்டும்.

அறுக்கும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். ஹாப்பைக் கையில் வாங்கி, அதனோடு வரும் அளவுத்தாளைக் கல் அறுப்பவரிடம் கொடுத்த பிறகுதான் இயந்திரம் ஓட வேண்டும். இணையத்தில் பார்த்த அளவை நம்பி முன்கூட்டி அறுக்க வேண்டாம். ஓட்டையைப் பின்னால் பெரிதாக்கலாம், சிறிதாக்க வழியில்லை. அதனால் ஒரே தரத்தில் இரண்டு மாடல் இருந்தால் அறுக்கும் அளவு சிறிதாக உள்ளதை எடுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஹாப் வாங்கும்போது தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். ஓட்டையின் மூலைகளை வளைவாக எடுக்க வேண்டும். கூர்மூலையாக வெட்டினால் அங்கிருந்துதான் கல் விரிசல் விடும். முன்னாலும் பின்னாலும் ஐந்து செ.மீ. கல்லாவது மிஞ்ச வேண்டும். பக்கத்திலேயே சிங்க் ஓட்டையும் வந்தால் நடுவில் நிற்கும் கல் பட்டை தாங்காது. விளிம்பில் தண்ணீர் இறங்காமலிருக்க ஹாப்போடு வரும் நுரை நாடா போதும். சிலிக்கான் பசை பூசி ஒட்டிவிட்டால், பழுதுபார்க்கக் கழற்றும் நாளில் ஹாப்பின் மேற்புறக் கண்ணாடி உடைந்துதான் வெளியே வரும்.

இனி மேடைக்கு அடியில் இருப்பதைப் பார்ப்போம். நாங்கள் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மேடை மேல் உள்ள ஸ்டவ்வின் டியூப் கண்ணெதிரே கிடக்கும், வெடித்தாலும் உப்பினாலும் தெரியும். ஹாப்பின் டியூப் டிராயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எண்ணெய் நிறுவனங்கள் தரும் இரும்புக் கம்பி வலை பின்னிய சுரக்ஷா டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கான தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடுவில் ஒட்டுப் போடவும் கூடாது. சிலிண்டர் தூரத்தில் இருந்தால் டியூபை நீட்டாமல், செம்புக் குழாயோ துத்தநாகம் பூசிய இரும்பு (ஜி.ஐ.) குழாயோ போட்டு, அதன் முனையிலிருந்து குட்டை டியூப் கொடுக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே அலமாரிக் கதவின் காற்றோட்டத் துளைகள் தரை மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். மேலே மட்டும் ஜாலி வைத்துப் பயனில்லை. ஹாப்புக்கு நேர் கீழே உள்ள டிராயர் ஸ்குரூ டிரைவர் இல்லாமல் கையால் இழுத்தால் வெளியே வரும்படி இருக்கட்டும். அப்போதுதான் மாதம் ஒருமுறையாவது சோப்பு நுரை தடவி இணைப்பைப் பார்ப்பீர்கள்.

பல ஹாப்களில் பர்னர் எரியத் தேவையான காற்றை அடியிலிருந்துதான் இழுக்கும். அழகுக்காகக் கீழே பலகை அடித்து இறுக்கமாக மூடிவிட்டால் ஜுவாலை மஞ்சளாகும், பாத்திர அடி கரிப் பிடிக்கும். உடனே ஜெட் (பர்னருக்குக் கேஸைப் பீய்ச்சும் சிறு துளை முனை) அடைத்துவிட்டது என்று ஊசியால் குத்துவார்கள். ஜெட் துளை பர்னருக்குத் தகுந்தபடி அரை முதல் ஒரு மி.மீ. அளவுதான். ஊசி பட்டால் அது அகலும், கேஸ் கூடும், மஞ்சள் தீ இன்னும் மோசமாகும். அடைப்பு என்றால் ஜெட்டைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யலாம், கெட்டிருந்தால் மாற்றலாம். ஆனால் முதலில் அடிப்பலகையைத் திறந்து எரித்துப் பாருங்கள். தீ நீலமானால் குறை காற்றில்தான்.

தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு இல்லாத ஹாப்பை நாங்கள் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம். கஞ்சி பொங்கி, அல்லது ஜன்னல் காற்றில் தீ அணைந்தால், பர்னர் ஓரத்தில் உள்ள தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரியின் முனை குளிர்ந்து வால்வு மூடிக்கொள்ளும். இந்த வகையில் பற்ற வைக்கும்போது நாபை மூன்று முதல் ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். முனை சூடாக அவ்வளவு நேரம் ஆகும். "கையை எடுத்தால் அணைகிறது" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல், முனையில் படிந்த கஞ்சியும் கரியும்தான் காரணம். அடுப்பு ஆறியபின் துணியாலோ மெல்லிய உப்புத்தாளாலோ துடைத்தால் சரியாகிவிடும். இதை எரிச்சலாக நினைத்து அமைப்பையே கழற்றிவிடச் சொல்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

கண்ணாடி வெடிப்பது பற்றிப் பயம் பரவலாக உள்ளது. பதப்படுத்திய கண்ணாடி தானாக வெடிப்பது அபூர்வம். ஓரத்தில் பட்ட சிறு அடி, சூடாக இருக்கும்போது ஈரத்துணி, பர்னர் மூடி சரியாக உட்காராமல் பக்கவாட்டில் கசியும் தீ, இவைதான் வழக்கமான காரணங்கள். பெரிய அண்டாவைக் குறைந்த உயரத் தாங்கியில் மணிக்கணக்கில் வைத்தால் வெப்பம் அடியில் சிக்கிக் கண்ணாடியைத் தாக்கும், நாப்களும் உருகும். விசேஷ நாட்களில் அண்டா வைப்பவர்கள் அதற்கென்று தனி இரும்பு அடுப்பு வைத்துக்கொள்வதே முறை. பர்னர் மூடியைக் கழுவினால் முழுதாகக் காய்ந்த பிறகு, காடியில் பொருந்தும்படி வைக்க வேண்டும். பித்தளை பர்னர் விலை கூடுதல், ஆனால் உப்புத் தண்ணீர் ஊர்களில் அலுமினியத்தைவிடப் பல வருடம் தாங்கும்.

குழாய் எரிவாயு சென்னை, கோவை போன்ற நகரங்களில் வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. அதன் அழுத்தமும், அதே கன அளவில் கிடைக்கும் எரிசக்தியும் எல்.பி.ஜி.யைவிடக் குறைவு, அதனால் ஜெட் துளை பெரிதாக இருக்க வேண்டும். எல்.பி.ஜி. ஜெட்டோடு குழாய் எரிவாயுவில் எரித்தால் தீ சுண்டிப்போகும். குழாய் எரிவாயு ஜெட்டை எல்.பி.ஜி.யில் வைத்தால் புகையோடு மஞ்சள் தீ உயரமாக எழும், இது ஆபத்து. இறக்குமதி ஹாப் வாங்குபவர்கள் உள்ளே எந்த ஜெட் இருக்கிறது, மற்ற ஜெட் செட் பெட்டியில் உள்ளதா என்று கேட்டே எடுக்க வேண்டும். ஜெட் மாற்றியவர் சிம் தீயின் அளவைத் தீர்மானிக்கும் திருகையும் சரிசெய்யாமல் போனால் வேலை பாதிதான் முடிந்தது.

இண்டக்ஷனுக்கே மாறிவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கணக்கு இது. 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. கேஸ் அடுப்பில் அதில் 60 முதல் 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும். அதே சமையலை இண்டக்ஷனில் செய்ய சுமார் 130 முதல் 145 யூனிட் ஆகும். மாதம் ஒரு சிலிண்டர் செலவாகும் வீட்டில் இரண்டு மாத மின்கணக்கில் 260 முதல் 290 யூனிட் கூடும். இதனால் 500 யூனிட்டைத் தாண்டுமா என்று பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். தாண்டினால் கட்டண விகிதம் ஏறும், ஆதாயம் கரைந்துவிடும். தாண்டாத சின்னக் குடும்பத்துக்கு இண்டக்ஷன் நல்ல தேர்வுதான்.

காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் வேலை செய்யாது. அலுமினிய இட்லிப் பானை, பித்தளை, கல்சட்டி, மண்சட்டி எல்லாம் ஒதுங்க வேண்டும். இரும்புத் தோசைக்கல் ஏற்கும் என்றாலும், சிறிய மேசை இண்டக்ஷனின் சுருள் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. கல்லின் நடுவே கருகி ஓரம் வேகாமல் தோசை வரும். 2000 வாட் இண்டக்ஷன் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், மிக்சி போடும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட், குறைந்தது இரண்டரை சதுர மி.மீ. ஒயர், சரியான எர்த் வேண்டும். மேடையில் பதிக்கும் நான்கு வட்ட இண்டக்ஷன் ஹாப் 7 கிலோவாட் வரை போகும், அதற்குத் தனி ஒயரும், மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் தனி எம்.சி.பி. சுவிட்சும் கட்டாயம். அடியில் உள்ள விசிறிக்குக் காற்று வர இடம் விடுங்கள். கரப்பான் புகுந்து சர்க்யூட் போர்டு கெடுவது நம் ஊரில் சாதாரணம்.

எங்கள் கருத்து இதுதான்: பெரிய பாத்திரமும் பொங்கும் கஞ்சியும் உள்ள வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் மேடை மேல் வைக்கும் மூன்று பர்னர் ஸ்டவ்வே நல்லது. கழுவ, கழற்ற, மாற்ற எளிது. சொந்த வீடு, அளவான சமையல், மேடை உயரமும் அடிக் காற்றோட்டமும் முன்கூட்டித் திட்டமிட்டது என்றால் தாராளமாக ஹாப் வைக்கலாம். இரண்டிலும் பக்கத்தில் ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டு வைத்தால், சிலிண்டர் தீர்ந்த நாளில் ஒரு இண்டக்ஷன் கைகொடுக்கும்.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பர்னர்களின் மையத் தூரம், ஒவ்வொன்றின் கிலோவாட், அறுக்கும் அளவு, உள்ளிருக்கும் ஜெட்டின் வகை, இந்த நான்கையும் பெட்டியின் வெளிப்புறத்தில் தமிழில் அச்சிடுங்கள். சமையலறை பற்றிய பக்கங்களில் படத்துக்குக் கீழே இந்த நான்கு அளவுகளையும் போடுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கேஸ் அடுப்பு பொருத்துநர், பழுதுபார்ப்போர் சிலர்,
மதுரை.