இறக்கத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

நீலகிரியில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில் நடந்த விபத்து உங்களுக்குத் தெரியும். ஓட்டிய பையனுக்கு லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பின்சீட்டில் இருந்த என் தங்கை மகன் தொடை எலும்பு முறிந்து கோவையில் படுத்திருக்கிறான், பிளஸ் டூ பரீட்சை எழுதுவானா என்றே தெரியவில்லை.

காரணம் 'பிரேக் பெயிலியர்' என்று எழுதிக்கொண்டார்கள். வண்டியைப் பார்க்க ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். மெக்கானிக் பெடலை மிதித்துக் காட்டினார், கல்லு மாதிரி நின்றது. பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. முன் சக்கர பிரேக் டிஸ்க் இரண்டும் மட்டும் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இறங்கியிருக்கிறான். அப்படிச் சூடேறி பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆறின பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். தீய்ந்த வாடை வந்ததாம், உள்ளே இருந்த மூன்று பேருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. 'எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும்' என்று இந்த மலையில் பஸ், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நீங்களும் கேட்கவில்லை. மைதானத்தில் 'H' எழுத்து மாதிரி ஓட்டிக் காட்டினான், பாஸ்.

இறக்கத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதற்கப்புறம் லைசென்ஸ் கொடுங்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு, பழக்கமில்லாதவர்கள் கவிழ்கிறார்கள் என்று வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்கவிடாமல் நிறுத்தினார்கள், சரி. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸும் வந்துவிட்டது. நம்ம ஊர்ப் பையன் மலையில் பிறந்துவிட்டால் மட்டும் இறங்கத் தெரிந்துவிடுமா? வயசு வராத பிள்ளைக்கு வண்டி கொடுத்தால் பெற்றோருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம் என்று 2019-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது, ஆனால் சாயங்காலம் டியூஷன் வாசலில் நின்று பாருங்கள், யூனிபார்மோடு வண்டி எடுக்கிறார்கள், நிறுத்திக் கேட்க ஒரு ஆள் கிடையாது. கடைசி பஸ் போய்விட்டால், காட்டெருமை நிற்கிற ரோட்டில் பிள்ளை நடந்தா வரும் என்று பெற்றோர் கேட்கிறார்கள், அதற்கும் பதில் வேண்டும்தானே.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். ஏதாவது ஓர் இறக்கத்தில், செகண்ட் கியரில் இறங்கி, ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு, நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த டெஸ்ட் நாளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா